கேரம் பலகை நோட்டம்: விஸ்வநத்தத்துச் செவியியல் முறை

கேரம் போர்டின் தரத்தைக் கண்ணால் பார்த்தோ, விரலால் தடவியோ, விலையைக் கேட்டோ முடிவுசெய்வது அறிவியலுக்குப் புறம்பானது. காதால்தான் முடிவுசெய்ய வேண்டும். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில், தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் அடைத்திருந்த நாட்களில், டீக்கடைக்குப் பக்கத்துக் கொட்டகையில் இந்த ஆய்வு நடந்தது. நிதியுதவி: ஆய்வாளரின் சட்டைப்பை. ஒத்துழைப்பு: மழை.

முந்தைய ஆய்வுகள் குறைவு. இருப்பவையும் நமக்கு ஒத்துவராதவை. அமெரிக்காவில் 1940களின் இறுதியில் டியூடர் என்ற பொம்மை நிறுவனம் மின்சாரக் கால்பந்து என்று ஒன்றை விற்கத் தொடங்கியது. மேலே தகரப் பலகை, அடியில் அதிர்வு கொடுக்கும் கருவி. ஸ்விட்சைப் போட்டால் பலகை நடுங்கும். அதன்மேல் நிற்கும் பொம்மை ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் ஊர்ந்து போவார்கள். தகரம் சமமாக இருக்கிறதா, எல்லாரும் ஒரே மூலைக்குப் போய் அடைகிறார்களா என்பதுதான் அங்கே தரப் பரிசோதனை. அங்கே பலகை நடுங்கினால்தான் ஆட்டம். இங்கே பலகை லேசாக ஆடினாலே “எவன்டா முட்டியால இடிச்சது?” என்று ஆட்டம் நின்றுவிடும். ஆகவே மேல்நாட்டு முடிவுகளை ஒதுக்கிவிட்டு நம் ஊருக்கு வருவோம்.

ஏன் இந்த ஊர் என்று கேட்கலாம். உராய்வைப் பற்றி இத்தனை தீவிரமாக யோசிக்கும் வட்டாரம் வேறெங்கும் இருப்பதாக ஆய்வாளருக்குத் தோன்றவில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். உரசினால் பற்ற வேண்டும் என்பது அந்தத் தொழிலின் உயிர். அதையடுத்து வந்த பட்டாசுத் தொழிலுக்கோ உரசல்தான் எமன். இரும்புச் சாமான் கூடாது. எதையும் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். மருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்னூட்டத்தை இறக்கிவிட வேண்டும். இந்த விதிகள் தவறினால் என்ன நடக்கும் என்பது இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் தெரியும். அதில் வேடிக்கைக்கு இடமில்லை. ஆக, தீப்பெட்டி உராய்வைக் கேட்கிறது, பட்டாசு உராய்வுக்கு அஞ்சுகிறது. கேரம் போர்டு இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு “கொஞ்சம் இருந்தா போதும்” என்கிறது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் எல்லாத் தகராறும்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. பட்டாசு வேலை அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. கேரமிலும் நான்கு பேர்தான். வேலையில் விதிக்குப் பழகியவர்கள் ஆட்டத்திலும் பழகியிருப்பார்கள் என்று ஆய்வாளர் எதிர்பார்த்தார். போர்டைச் சுற்றிப் பதினொரு பேர் நின்றார்கள். அத்தனை பேரும் யோசனை சொன்னார்கள்.

மூன்றாவது பொருத்தம்தான் ஆய்வாளரைத் தூங்கவிடாமல் செய்தது. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் இரண்டும் வினைபுரிந்து சூடேறும். அதைத் தடுக்க அந்தக் கலவையில் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பது உண்டு. கேரம் போர்டில் தூவும் நல்ல பவுடரும் அதே போரிக் பவுடர்தான். பகலில் மத்தாப்பு மருந்தைக் காப்பாற்றுகிற பொருள் சாயங்காலத்தில் ஸ்ட்ரைக்கரை ஓடவைக்கிறது. முகப்பவுடர் போடும் வீடுகளும் இருக்கின்றன. வாசனை வரும், வேகம் வராது. போதாததற்குத் தோற்றவன் முகம் பளபளவென்று இருக்கும்.

இனி சட்டம். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988ல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. அடுத்த மூன்றாவது வருடம் டெல்லியில் நடந்த முதல் உலகப் போட்டியில் சென்னைக்காரரான மரிய இருதயம் வென்றார். 1995ல் கொழும்பில் மறுபடியும் வென்றார். 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். இவ்வளவு பெருமை உள்ள விளையாட்டுக்கு அளவும் கறாராகத்தான் இருக்கிறது. ஆடுகளம் சதுரம், பக்கத்துக்கு 73.5 முதல் 74 சென்டிமீட்டர். ப்ளைவுட் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர். 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்தால் அது போர்டின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் மூன்றரை ஓட்டமாவது ஓட வேண்டும்.

இந்த மூன்றரை ஓட்டச் சோதனையை ஆய்வாளர் குறை சொல்லவில்லை. ஆனால் முழு வேகம் என்பது யாருடைய வேகம்? பகலெல்லாம் பட்டாசுக்குத் திரி வைத்த விரலின் வேகமா, பேனா பிடித்த விரலின் வேகமா? எட்டாம் வகுப்புப் பையன் அடித்தபோது நாலு ஓட்டம் ஓடிய அதே போர்டில் ஆய்வாளர் அடித்தபோது இரண்டேகால் வந்தது. கூடியிருந்தவர்கள் போர்டைச் சந்தேகிக்கவே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, நீளம், கனம், விட்டம், ஓட்டம் என்று போகும் இந்த அளவுகளில் சத்தத்துக்கு ஒரு வரிகூடக் கிடையாது. பட்டாசுக்கு இருக்கிறது: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. பானை வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம். தேங்காயையும் பலாப்பழத்தையும் தட்டிப் பார்க்கிறோம். போர்டை மட்டும் ஏன் பார்த்து வாங்குகிறோம் என்பது தமிழர் அறிவு மரபில் ஏற்பட்ட ஒரு இடைவெளி.

போர்டைத் தட்டிப் பார்க்குமுன் பருவநிலை பற்றிச் சொல்லியாக வேண்டும். சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் தழைத்ததற்கு இங்கத்து வறண்ட காற்று ஒரு காரணம். அதே காற்று ப்ளைவுட்டுக்கும் நல்லது. வருடத்தில் பத்து மாதம் இங்கே போர்டு விறைப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பத்து மாதமும் ஆட ஆள் இருக்காது, எல்லாரும் வேலையில். ஆலைகள் அடைத்து ஆட்கள் வீட்டில் இருப்பது தீபாவளிக்குப் பிறகுதான். அப்போதுதான் வடகிழக்குப் பருவமழையும் வந்து இறங்கும். ஆள் இருக்கும்போது போர்டு நமுத்திருக்கும். போர்டு நன்றாக இருக்கும்போது ஆள் இருக்காது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் கேரம் ஆடாதவராகத்தான் இருக்க வேண்டும்.

போர்டுக்கு மேலே தொங்கும் குண்டு பல்பை இந்த இடத்தில்தான் புரிந்துகொள்ள வேண்டும். விதிப்படி அது வெளிச்சத்துக்கு, 60 முதல் 100 வாட். கொட்டகையில் அதற்கு முக்கிய வேலை வேறு: சாயங்காலம் நாலரைக்கே போட்டுவிட்டு, அதன் சூட்டில் போர்டைக் காயவைப்பார்கள். எல்.இ.டி. பல்பு வந்தது, கரண்ட் பில் குறைந்தது, போர்டு நமுத்தது. மின்சாரச் சிக்கனத்தால் கேரமுக்கு ஏற்பட்ட இந்த இழப்பை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கெட்டுப்போன போர்டுகளை ஐந்திணையாகப் பகுப்பது நம் மரபுக்கு ஏற்றது. நடுவில் பள்ளம் விழுந்து, எங்கே அடித்தாலும் காய்கள் ஒன்றையொன்று தேடி வந்து சேருவது குறிஞ்சி. குழியின் உதடு தேய்ந்து, காய் வாசலில் வந்து விழாமல் காத்திருப்பது முல்லை. ஈரம் குடித்து உப்பிக்கொண்டு, அடித்த காயை ஏறெடுத்துப் பார்க்காமல் ஊடுவது மருதம். பவுடரைக் கொட்டிக் கொட்டி மணல்மேடு ஆக்கியது நெய்தல். அதில் ரெட்டைத் தொலைத்தவன் புலம்பல் தனி. பாலைதான் ஆபத்து. ப்ளைவுட்டின் அடுக்குகள் பசை விட்டு ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். மேலே பாலிஷ் பளபளக்கும், கோடு வட்டமெல்லாம் அழகாக இருக்கும். உள்ளே பிரிவு நடந்து முடிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும்.

அந்தக் காது ஆய்வாளரின் பெரியப்பாவுடையது. அவர் வெடி வேலையில் வயதைக் கழித்து ஓய்ந்தவர். கொட்டகைக்கு வரமாட்டார். டீக்கடை பெஞ்சில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மூன்றாம் நாள் சாயங்காலம், உள்ளே யாரோ சைடு அடித்தார்கள். பேப்பரை மடிக்காமலே சொன்னார்:

“அந்த வலது மூலை போச்சுப்பா. சட்டத்துக்குக் கீழ பசை விட்டிருக்கு.”

“பாக்காமலே எப்படி பெரியப்பா?”

“எதுக்குப் பாக்கணும்? நல்ல எடத்துல பட்டா ‘டக்’குன்னு வந்து நிக்கும். இது ‘டப்’புன்னு உள்ள போயிருது. வெடி புஸ்ஸாகுறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடும்ல, அந்த மாதிரி.”

போய்ப் பார்த்தோம். போர்டைத் திருப்பிப் போட்டு வலது மூலையில் நகத்தை விட்டால், கீழ் அடுக்கு அப்பளம் மாதிரி எழும்பி வந்தது.

ஒரு தடவை சரியாகச் சொல்வது ஆய்வாகாது என்பதால் மறுநாள் மூன்று போர்டுகளைக் கொண்டுவந்தோம்: கொட்டகை போர்டு, பக்கத்து வீட்டு போர்டு, ஆய்வாளரின் சொந்த போர்டு. பெரியப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஒவ்வொன்றையும் ஐந்து இடத்தில், நாலு மூலையும் நடுவுமாக, விரல் முட்டியால் தட்டினோம். வரிசையை மாற்றி மாற்றித் தட்டினோம். முதல் சுற்றிலேயே மூன்றையும் பிரித்துச் சொல்லிவிட்டார். இரண்டாம் சுற்றில் பக்கத்து வீட்டு போர்டின் சட்டம் கருவேலம் என்றும் சொன்னார். கருவேலச் சட்டத்தில் பட்ட ஸ்ட்ரைக்கர் சுறுசுறுப்பாகத் திரும்பும் என்பது ஆட்டக்காரர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். (நம் மாவட்டத்தில் கண்ட இடமெல்லாம் நிற்கிறதே, அது சீமைக்கருவேலம். கரி மூட்டம் போடலாம். போர்டுக்குச் சட்டம் போட அதில் நேராக ஒரு கட்டை தேடிக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம்.)

மூன்றாவது போர்டைத் தட்டியபோது பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

“இன்னொரு தடவ தட்டு.”

தட்டினேன்.

“இத எவ்வளவுக்கு வாங்குன?”

விலையைச் சொன்னேன். திரும்பி உட்கார்ந்து, முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தார். போர்டை இல்லை, என்னை.

அந்த போர்டின் வரலாறு சுருக்கமானது. டவுனில் ஒரு கடையில், “டோர்னமெண்ட் போர்டு தம்பி, ஒரிஜினல் ப்ளை” என்று சொல்லித் தந்தார்கள். பாலிஷில் முகம் தெரிந்தது, அதில் மயங்கினேன். வீட்டில் வந்து ஸ்கேலை வைத்துப் பார்த்தால் 4 மில்லிமீட்டர். முதல் மழைக்கே நடு இறங்கிவிட்டது. கொத்தனார் ஒருவரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். குமிழி எந்தப் பக்கம் திருப்பினாலும் விளிம்பைத் தேடி ஓடியது. அடித்த காய்கள் எல்லாம் எதிர்த்திசையில், நடுவட்டத்துக்கு, வாழ்க்கையில் வேறு லட்சியமே இல்லாததுபோல் வந்து சேர்ந்தன. ஐந்திணையில் சொன்னால் அசல் குறிஞ்சி.

இப்போது அது மொட்டைமாடியில் இருக்கிறது. பெரியம்மா அதில் வடகம் பிழிகிறார். சுற்றிச் சட்டம் இருப்பதால் காற்றுக்கு விழுவதில்லை. காக்கா வந்தால் குழி வழியாகக் குச்சியை விட்டு விரட்டலாம் என்கிறார். ஓரத்து வடகம் இரண்டே வெயிலில் காய்ந்துவிடுகிறது. நடுவில் வைத்தது மட்டும் மூன்று நாள் எடுக்கிறது.