பிளம் கேக்கின் ஓரத்துண்டு: இறையியல் நோக்கில் ஒரு முதற்கட்ட ஆய்வு

கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? ஓய்வுநாள் பள்ளி வாத்தியார், சபை ஐயர், பெற்றோர் என்று மூன்று விடைகள் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்து மணிச்சத்தம் காதில் விழும் தூரத்தில் ஓர் அடுப்படியைப் பல டிசம்பர்களாக உற்றுநோக்கிய இவ்வாய்வாளர் நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறார்: பன்னிரண்டு அங்குலச் சதுரத் தகர டிரே. அடுப்படி என் ஆச்சியுடையது. உற்றுநோக்கல் பெரும்பாலும் மேசைக்கு அடியிலிருந்து நடந்தது.

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுத்துவிடுவோம். நெல்லைச் சீமைக் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் மாதம் நடப்பதில் பெரும்பகுதி எண்ணெய்ச் சட்டியில்தான் நடக்கிறது. அச்சு முறுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் காய்ந்த அச்சை மாவில் முழுக்க முக்கக் கூடாது. மேல்விளிம்புக்கு மாவு ஏறிவிட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழலவே கழலாது. உலகப்பற்று குறித்துத் தனி ஆய்வேடு எழுத இதில் இடமுண்டு. ஆனால் அது பொரிப்பது. நம் பொருள் அடுப்பில் வேகவைப்பது. 1799-ல் கிறிஸ்தவக் குடியிருப்பாகத் தோன்றிய முதலூரின் மஸ்கோத் அல்வாவையும் இதே காரணத்தால் விலக்குகிறோம். அதை ஆராயப் போனவர்கள் ஆய்வோடு திரும்பியதாக எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. பிளம் கேக்கில் பிளம் பழம் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சையையும் ‘பிளம்’ என்றார்கள். பழம் மாறிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தச் சொல்லாராய்ச்சி எதுவும் தெரியாத என் தங்கை ஏழு வயதில் தன் துண்டைப் பொடிப்பொடியாக உதிர்த்துப் பார்த்துவிட்டு, “ஆச்சி, பிளம் எங்க?” என்று கேட்டாள். “இருக்கும்ட்டீ, தின்னு” என்றாள் ஆச்சி. காணாததை நம்புவது விசுவாசம் என்று ஐயர் அரைமணி நேரம் பிரசங்கித்தது இதைத்தான்.

அடுத்து, குறியீட்டுக் கொள்கை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஸ்டோலன் ரொட்டி, மேலே வெள்ளைச் சர்க்கரை தூவி, துணியில் சுற்றிய பாலகனைப் போலிருக்கும் என்பார்கள். வருகைக்கால நோன்பில் வெண்ணெய் விலக்கு என்பதால் அதை எண்ணெயில் செய்து சலித்துப்போன சாக்சனிக்காரர்களுக்கு, போப் எட்டாம் இன்னசென்ட் 1491-ல் வெண்ணெய் சேர்க்க அனுமதிக் கடிதம் அனுப்பினார். (எங்கள் வீட்டில் வெண்ணெயா டால்டாவா என்பதை ஆச்சியே தீர்ப்பாள். மேல்முறையீடு கிடையாது.) இங்கிலாந்தில் வருகைக்காலத்துக்கு முந்தைய ஞாயிறன்று புட்டிங் மாவு கிண்டுவார்கள்; அன்றைக்குரிய ஜெபம் ‘கிளறு’ என்ற பொருள்படத் தொடங்குவதே சாக்கு. கிறிஸ்துவுக்கும் பன்னிரு சீடர்களுக்குமாகப் பதின்மூன்று சாமான்கள். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளின் நினைவாகக் கரண்டியும் கிழக்கிலிருந்து மேற்காகப் போகவேண்டும்.

இதைப் படித்ததும் எனக்குப் புல்லரித்தது. சீனியையும் வெண்ணெயையும் ஒரே பக்கமாகத்தான் அடிக்கவேண்டும் என்று ஆச்சியும் எங்களை மிரட்டுவாள். காரணம் சாஸ்திரிகளா என்று கேட்டேன். “மாத்தி மாத்திச் சுத்துனா திரைஞ்சிரும்ல” என்றாள். கையில் இருந்த பதின்மூன்று சாமான் பட்டியலையும் காட்டினேன். எண்ணிப் பார்த்துவிட்டு, “சோடா உப்ப விட்டுட்டியே” என்றாள். குறியீட்டுக் கொள்கை அத்துடன் கைவிடப்படுகிறது.

இந்த ஆய்வின் மையத் தரவு ஊறுகாய்ப் பரணியில் கிடைத்தது. நவம்பர் முதல் வாரம் கிஸ்மிஸ், பேரீச்சை, செர்ரி, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் எல்லாம் பொடியாக நறுக்கப்பட்டுப் பரணிக்குள் போகும். சில வீடுகளில் ரம் ஊற்றுவார்கள். எங்கள் வீட்டில் திராட்சைச் சாறு. வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கும்படி தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியதைத் தாத்தா ஆண்டுதோறும் நினைவூட்டுவார். கேக்குக்கு வயிறு இல்லை என்பது ஆச்சியின் வாதம்.

பரணியின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி மேல்தட்டில் வைத்துவிட்டால் கிறிஸ்துமஸ் வரை தொடக்கூடாது. வேறெதையும் தின்னலாம், இதை மட்டும் கூடாது என்ற ஏற்பாட்டுக்கு ஆதியாகமத்திலேயே முன்னுதாரணம் உண்டு, விளைவும் அதேதான். ஸ்டூல் போட்டு ஏறி, முடிச்சை அவிழ்த்து, இரண்டு விரலால் ஒரு கிள்ளு. முடிச்சை மட்டும் ஆச்சி போட்டமாதிரி திரும்பப் போட வராது. டிசம்பர் இருபதுக்குள் பரணியில் நாலு விரற்கடை இறங்கியிருக்கும்.

ஆச்சி ஒன்றும் கேட்கமாட்டாள். மாவு பிசையும் அன்று பரணியை எட்டிப் பார்ப்பாள், அரிசிப் பானைக்குள் கைவிட்டு இன்னொரு கால் கிலோ கிஸ்மிஸ் பொட்டலத்தை எடுப்பாள். நவம்பரிலேயே வாங்கி ஒளித்துவைத்தது. திருடுவோம் என்று தெரிந்தே வாங்கியிருக்கிறாள். ஆக, எங்கள் திருட்டை அவள் முன்னறிந்தாளா, அல்லது முன்குறித்தாளா? ஜெனீவாவின் கால்வினுக்கும் லெய்டனின் அர்மீனியஸுக்கும் வழிவந்தவர்கள் இன்னமும் முடித்துவைக்காத வழக்கு இது. ஸ்டூலை ஏன் மேல்தட்டுக்கு நேர் கீழேயே போட்டுவைத்தாள் என்பதும் யோசிக்கத்தக்கது. எப்படியானாலும், கணக்குக் கேட்காமல் ஈடுசெய்வதற்குக் கிருபை என்று பேர் என்பதை நான் வேதபாடத்தில் கற்கவில்லை.

வீட்டில் ஓவன் கிடையாது. மாவை டிரேயில் ஊற்றி, ஓரத்தில் பேர் எழுதிய சீட்டைச் செருகி, பேக்கரிக்குத் தூக்கிப்போக வேண்டும். பன்னும் ரொட்டியும் வெந்து இறங்கியபின் விறகடுப்பின் செங்கலில் தங்கியிருக்கும் சூட்டில்தான் கேக் நிதானமாக வேகும். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் போனால் எங்களுக்கு முன்னே முப்பது டிரே நிற்கும். “இடமில்ல, நாளைக்கு வாங்க” என்பார் பேக்கரிக்காரர். பெத்லகேம் என்ற எபிரெயப் பெயருக்கு அப்பத்தின் வீடு என்று பொருள், அதாவது ஏறத்தாழ பேக்கரி. அங்கேயும் இதே பதில்தான் சொன்னார்கள். தளும்பும் டிரேயை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு திரும்பி நடந்த நானும் தங்கையும், யோசேப்பு–மரியாள் நாடகத்தில் அதற்குப்பின் யாரும் நடிப்புச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இனி கணக்கு. பன்னிரண்டு அங்குலச் சதுரத்தை வரிசைக்கு ஆறாக வெட்டினால் முப்பத்தாறு துண்டு. அதில் ஓரம்பட்டவை இருபது, நடுத்துண்டு பதினாறு. ஓரம் தகரத்தில் பட்டுக் கறுத்து, கொஞ்சம் கடிக்கவேண்டியிருக்கும். நடுவோ பஞ்சு. விடியற்காலை ஆராதனை முடிந்து பசியோடு வந்து நிற்போம். ஆச்சி ஈர்க்குச்சியால் ஒருமுறை குத்திப் பார்த்துவிட்டு (வெந்த கேக்கை ஏன் மறுபடி குத்துகிறாள் என்பது இன்றும் விளங்காத புதிர்) வெட்டுவாள். பதினாறு நடுத்துண்டும் தட்டுகளுக்குப் போகும். தீபாவளிக்கு அதிரசம் தந்த எதிர்வீடு, பெருநாளுக்குப் பிரியாணி தந்த மேலப்பாளையத்து பாய் வீடு, தெருமுனைத் தையற்காரர், பேக்கரிக்காரர். முட்டை சேராத அடுத்த வீட்டு மாமிக்குத் தனி எண்ணெயில் சுட்ட முறுக்கு. ஓரம் இருபதும் வீட்டுக்கு.

“நம்ம கேக்குதான, நமக்கு ஏன் ஓரம்?” என்று ஓராண்டு தங்கை அழுதாள். ஆச்சி பதில் சொல்லாமல் தட்டை அவள் கையிலேயே கொடுத்து எதிர்வீட்டுக்கு அனுப்பினாள். கேக்கைத் தொடாமல் தெருவைக் கடப்பதற்கு அவளுக்கு நெடுநேரம் பிடித்தது. வழியில் ஒருமுறை நின்று முகர்ந்து பார்த்ததை நான் திண்ணையிலிருந்து பார்த்தேன்.

தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று எதிர்வீட்டு அத்தை அதில் ஒரு கை சீனி அள்ளிப் போட்டு அனுப்பியிருந்தார். தங்கை பாதிச் சீனியை நக்கியிருந்தாள். மீதியை ஆச்சி அடுத்த கேக்குக்கு என்று டப்பாவில் கொட்டிவிட்டு, “ஏட்டி, இங்க வா” என்று அவள் உதட்டைத் துடைத்துவிட்டாள்.