பாண்டவர் ஃபேமிலி

அம்பத்தூர் எஸ்டேட்டின் கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்திராத ஊரின் ஆஸ்பத்திரிக்கு ரெவிட் என்ற வரைபட மென்பொருளில் கதவு மாட்டும் பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எண்ணை மாற்றினால் தானே நீண்டு சுருங்கும் கதவு, ஜன்னல், தூண், அவர்கள் பேச்சில் ‘ஃபேமிலி’, 2000-இல் ரெவிட்டோடு பிறந்தது என்று. நாலு எழுத்து கூடப் படித்தவர்கள் 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் செய்த ஸ்கெட்ச்பேடைச் சொல்வார்கள். அதில் மூலப் படத்தின் ஒரு கோட்டைத் திருத்தினால் நகல்களெல்லாம் தாமே திருந்திக்கொண்டன. எஸ்டேட்டே அதற்கு அடுத்த வருஷம்தான் பிறந்தது.

இரண்டு கட்சியும் தவறு. முதல் ஃபேமிலி லைப்ரரி ஏழாம் நூற்றாண்டில் மாமல்லபுரத்தில் போடப்பட்டது. அந்த வேலை இன்னும் முடியவில்லை.

நடந்தது இப்படித்தான் இருக்கும். பல்லவ ராஜா “கோயில் வேண்டும்” என்றான். “கட்டிடலாம் பிரபு, முதலில் காம்பொனென்ட்களைத் தயார் பண்ணிக்கொள்கிறோம், அப்புறம் எந்தக் கோயிலும் சட்டென்று முடியும்” என்றார் ஸ்தபதி. இன்றுவரை எந்த டீம் லீடரும் மாற்றிச் சொல்லாத வசனம். ராஜா நம்பினான். ராஜாக்கள் நம்புவார்கள்.

அந்தக் காம்பொனென்ட்கள்தான் பாண்டவர் பெயரில் நிற்கும் ஒற்றைக்கல் ரதங்கள். திரௌபதி ரதம்: குடிசைக் கூரை. பீம ரதம்: நீண்ட வண்டிக் கூரை. நகுல சகாதேவ ரதம்: பின்புறம் வளைந்த தூங்கானை மாடம், புரியாதவர்களுக்காகப் பக்கத்திலேயே ஒரு கல்யானையையும் நிறுத்திவிட்டார்கள். தர்மராஜ ரதத்தின் மேல்நிலைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூலைக்கு ஒரு குட்டிக் கூடம், நடுவில் குட்டிச் சாலை. திரௌபதி வகைக் கூரையையும் பீமன் வகைக் கூரையையும் சிறிதாக்கி வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள். மேலே போகப் போக அளவு குறைகிறது, உருவம் மாறவில்லை. ரெவிட்காரர் இதைப் பார்த்தால் கண்ணீர் விடுவார்.

கீழே பார்த்தாலும் விடுவார். பாறையை உச்சியிலிருந்து குடைந்து இறங்கியதால் மேலே நகாசு, அடியில் வெறும் பாறை. பூஜை ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. கிளையண்ட் மாறியிருப்பான், அல்லது பட்ஜெட் வாதாபிப் போருக்குப் போயிருக்கும். லைப்ரரி செய்பவர்களுக்கு நேரம் மிச்சமானதாகச் சரித்திரத்தில் சான்றே கிடையாது.

மிச்சமானது பின்னால் வந்தவர்களுக்கு. 700 வாக்கில் ராஜசிம்மன் காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சுற்றுமதில் நெடுக 58 குட்டிச் சன்னதிகளை நட்டான். காப்பி, பேஸ்ட். ராஜராஜன் அதே கூடத்தையும் சாலையையும் 13 நிலைக்கு அடுக்கி, 1003 வாக்கில் தொடங்கியதாகச் சொல்லப்படும் வேலையை 1010-இல் கலசம் வைத்து முடித்தான். மகன் ராஜேந்திரன் அப்பாவின் ஃபைலைத் திறந்தான். நிலையை 9 ஆக்கினான், நேர்க்கோட்டை உள்வளைவாக்கினான், வேறு பெயரில் சேமித்தான். கங்கைகொண்ட சோழபுரம்.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் மண்ணூர்பேட்டை நிறுத்தத்தில் இறங்கிப் பாடிக்குப் போனால் போதும். சம்பந்தர் பாடிய திருவலிதாயத்தின் கருவறை தூங்கானை மாடம்தான். திருமுல்லைவாயிலிலும் அதுவே. நகுல சகாதேவ ஃபைல் தொண்டை நாடு முழுக்கச் சுற்றியிருக்கிறது. ராயல்டி யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் எரர் மெசேஜும் இருந்தது: கட்டடத்தின் அளவு ஆகுமா ஆகாதா என்று சொல்லும் சாஸ்திரக் கணக்கு, ஆயாதி என்று பெயர். அதில் ஒன்று யோனிக் கணக்கு: அளவை 3-ஆல் பெருக்கி 8-ஆல் வகு, மீதி ஒற்றைப்படை என்றால் நல்லது, இரட்டைப்படை என்றால் ஆகாது. கணக்கு வாத்தியார் யாராவது எட்டிப் பார்த்திருந்தால், அளவு ஒற்றைப்படையாக இருந்தாலே மீதியும் ஒற்றைப்படைதான், பெருக்கவே வேண்டாமே என்றிருப்பார். பெருக்காமல் எப்படித் தட்சிணை கேட்பது?

ஆக, நூறு சன்னதி கட்டுபவனுக்கு ஃபேமிலி வரம். ஒரே ஒரு வீடு கட்டுபவன் கதை வேறு. மண்ணூர்பேட்டையில் அரை கிரவுண்ட் வாங்கிய ஒரு மாமாவுக்கு, எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மருமகன் ஓசியில் பிளான் போடுகிறான் என்று வையுங்கள். இரவெல்லாம் விழித்து எதற்கும் நீளும் ஜன்னலைச் செய்து முடிப்பான். காலையில் மாமா வந்து, “மாப்ளே, அக்கினி மூலையில சமையல்கட்டு இல்லியே?” என்பார். சுவரை நகர்த்தினால் கதவு கழிவறைக்குள் திறக்கும், படிக்கட்டு பக்கத்து வீட்டுக்குப் போகும், திரை முழுக்க மஞ்சள் எச்சரிக்கை. அவன் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே, மனையில் மேஸ்திரி சுண்ணாம்புப் பொடியால் கோடு கிழித்து, சமையல்கட்டைத் தென்கிழக்கில் தள்ளிவிட்டு, கடக்கால் தோண்ட ஆளுக்குச் சொல்லியிருப்பார்.