பானெட் வைத்தியர்

அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் காலை எட்டரை மணிக்கு ஒரு வண்டி இரண்டு தரம் முக்கிவிட்டு அடங்கினால், மூன்றாவது மாடியில் ஒருவர் காபி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். லிஃப்டுக்குக் காத்திருக்க மாட்டார். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டால் அன்றைய பொழுதே வீண். "என்ன சார், எடுக்கலையா? பானெட்டைத் தூக்குங்க" என்பார். தூக்கியதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த பெரியப்பாவைப் போல உள்ளே ஒரு நோட்டம். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது மாதிரி பேட்டரியின் தலையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. பிறகு தீர்ப்பு: "பேட்டரி போயிடுச்சு சார். வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?" மற்ற வைத்தியர்கள் கேட்டுவிட்டுச் சொல்வார்கள், இவர் சொல்லிவிட்டுக் கேட்பார்.

தெருவுக்கு ஒருவராக வாழும் இந்த மனிதரை ஒன்றும் தெரியாதவர் என்று ஒதுக்குவது அநியாயம். பேட்டரி என்று அவர் சொல்வது பல நேரம் சரியாகவே இருக்கிறது. நம் ஊர் வெயிலில் பேட்டரியின் ஆயுள் குறைவதும், காலையில் அடம்பிடிக்கும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான் என்பதும் உண்மை. அவருடைய குறை அறிவில் இல்லை, வரிசையில் இருக்கிறது. வீட்டில் செய்யும் சோதனையால் எது கெட்டது என்று ஒரேயடியாகத் தெரிந்துவிடாது. எது கெடவில்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரலாம். வைத்தியருக்குக் கழித்தல் கணக்குப் பிடிக்காது. விடையை எழுதிவிட்டு அதற்கேற்ற கணக்கைத் தேடுகிற மாணவர் அவர்.

வண்டி என்னவோ வாய்விட்டுத்தான் சொல்கிறது. சாவியைத் திருப்பியதும் 'டக டக டக' என்று விடாமல் அடித்தால், செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டைப் பிடித்து வைக்கப் போதுமான மின்சாரம் வரவில்லை: பேட்டரி இறங்கியிருக்கலாம், டெர்மினல் தளர்ந்திருக்கலாம். ஒரே ஒரு 'டக்' கேட்டு, ஹெட்லைட்டும் மங்காமல் எரிந்தால் சந்தேகம் செல்ஃப் பக்கம் திரும்ப வேண்டும். இன்ஜின் விறுவிறுவென்று சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோலோ தீப்பொறியோ போய்ச் சேரவில்லை. அப்படிச் சுற்றிவிட்ட பேட்டரிதான் அந்தப் பானெட்டுக்குள் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஆள். வைத்தியர் அதையும் "வீக்" என்றுதான் சொல்வார். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் இந்த வழக்கைச் சீக்கிரமே முடித்துவிடும். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் காலி. ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குத் தெம்பில்லை. ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை நிற்க வேண்டும், 12.3-லேயே படுத்துக் கிடந்தால் ஆல்டர்னேட்டர், அதாவது வைத்தியரின் வாயில் இன்னும் 'டைனமோ', சார்ஜ் ஏற்றவில்லை.

இவ்வளவு எளிய சோதனை இருந்தும் வைத்தியரின் புகழ் மங்காததற்குக் காரணம், அவருடைய தப்பான தீர்ப்பும் பலித்துவிடுவதுதான். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்புதான் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10-ம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துடைத்து இறுக்கினால் செலவே இல்லை. ஆனால் அவர் வாக்குப்படி புது பேட்டரி வருகிறது. மாட்ட வந்த பையன் போகிற போக்கில் அந்த உப்பையும் சுரண்டிவிட்டு இறுக்குகிறான், வண்டி உறுமுகிறது. "நான் அப்பவே சொன்னேன்ல?" குற்றவாளி கீழே உதிர்ந்து கிடக்க, நிரபராதி எக்ஸ்சேஞ்சில் போய்ச் சேர்கிறது. ஆல்டர்னேட்டர் கெட்டிருந்தால் இன்னும் விசேஷம். கடையில் சார்ஜ் ஏறி வந்த புது பேட்டரி தன் கைக்காசைப் போட்டு இரண்டு நாள் குடும்பம் நடத்தும். மூன்றாம் நாள் படுத்துவிடும். அப்போதும் தீர்ப்பு மாறாது: "இப்ப வர்ற பேட்டரி எதுவுமே சரியில்லை சார்." தேறினால் வைத்தியர் கெட்டிக்காரர், தேறாவிட்டால் மருந்து மோசம்.

"அம்பாசிடரையே பிரித்து மாட்டினவர்" என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த அனுபவம் பொய்யில்லை. கார்பரேட்டரில் குப்பையை ஊதவும், பாயிண்டை உப்புத்தாளால் தேய்க்கவும் தெரிந்த கை அது. மாறிப்போனது வண்டி. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்ப்பது டைனமோ காலத்து வித்தை. இன்று அதைச் செய்தால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ஒரு கணம் எகிறி, வண்டியின் கம்ப்யூட்டர் வரை பாழாகலாம். ஒரு நோயோடு வந்த வண்டி மூன்று நோயோடு போகும். எரிந்த ஃபியூஸுக்குச் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றும் வைத்தியமும் அந்தப் பரம்பரைதான். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20 என்று நிறம் பிரித்து வைத்திருப்பது அழகுக்கு இல்லை. ஃபியூஸ் சாவதற்கென்றே பிறந்தது. அதைச் சாகவிடாவிட்டால் ஒயர் எரியும்.

"இந்தக் காலத்து வண்டி முழுக்க கம்ப்யூட்டர், வீட்டில் என்ன பார்க்க முடியும்?" என்பது எதிர்ப்பக்கத்து வாதம். உண்மையில் வண்டி தன் குறையை இப்போது எண் போட்டே சொல்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைச் சாக்கெட்டில் ஒரு சின்னக் கருவியைச் செருகினால் போனில் வந்துவிடும். அதனால்தான் முதல் மாடியில் ஓர் இளைய வைத்தியர் முளைத்திருக்கிறார். பி0171 என்று திரையில் விழுந்ததும், "ஆக்சிஜன் சென்சார் போச்சுண்ணா, ஆர்டர் போட்டுடலாமா?" அந்த எண் சொல்வது, இன்ஜினுக்குப் போகும் கலவையில் காற்று கூடி பெட்ரோல் குறைந்திருக்கிறது என்பதை மட்டும். எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் விரிசல் விட்டிருக்கலாம், பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். சென்சார் சேதி சொன்னது, அவ்வளவுதான். சாவுத் தந்தி கொண்டுவந்த தபால்காரரையா பாடையில் ஏற்றுவது? பெரியவர் பேட்டரியைத் தட்டிவிட்டு அவசரப்பட்டார், சின்னவர் போனைத் தட்டிவிட்டு அவசரப்படுகிறார்.

காசு வாங்காமல் ஓடிவரும் மனிதரை இப்படிக் கேலி செய்யலாமா என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டம். கியர் வண்டியைத் தள்ளும்போது முதல் தோள் அவருடையது. ஆபீசுக்குக் கிளம்பியவர்களெல்லாம் பார்த்துக்கொண்டே போகும்போது, பானெட்டைத் திறந்துவைத்துத் தனியாக நிற்கும் அவமானத்தில் பாதியை அவர்தான் வாங்கிக்கொள்கிறார். ஆகையால் அவரை விரட்ட வேண்டியதில்லை. தீர்ப்புக்கு முன்னால் ஓர் அளவு எடுக்க வைத்தால் போதும். குடியிருப்போர் சங்கம் அவருக்கு ஒரு மல்டிமீட்டரைப் பொன்னாடையோடு வழங்கலாம். ஆனால் நடக்கப்போவது தெரிந்ததுதான். மீட்டர் 12.6 காட்டும். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மீட்டரின் தலையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, "மீட்டர்ல பேட்டரி வீக் சார்" என்பார். தொந்தரவு என்னவென்றால், உள்ளே இருக்கும் பேட்டரி இறங்கிவிட்டால் மல்டிமீட்டர் நிஜமாகவே தப்பாகக் காட்டும்.