தலைக்குத் தலை வைத்தியம்

காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள். கண் மங்கினால் கண் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்கிறார்கள். முடி கொட்டினால் மட்டும் யாரும் யாரிடமும் அனுப்புவதில்லை. நின்ற இடத்திலேயே மருந்து சொல்லிவிடுகிறார்கள். எனக்குச் சின்ன வெங்காயச் சாற்றைச் சிபாரிசு செய்தவர், மின்கட்டணம் கட்டும் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர். வரிசை நகரவில்லை, கண்ணெதிரே என் உச்சந்தலை, அவரும் எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பார்? பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலையை அரைத்துப் பூசச் சொன்னார். கீரைக்காரம்மா, கரிசலாங்கண்ணிக் கட்டு ஒன்றை நான் கேட்காமலே பையில் போட்டு, காசை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு மூலிகை எண்ணெயின் பெருமையைத் திருமங்கலம் வரை சொல்லிக்கொண்டு வந்தார். அவர் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லை. நான் அங்கே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "நான் லேட்டா ஆரம்பிச்சுட்டேன் சார், நீங்க விட்றாதீங்க" என்றார்.

வெளியே மருந்து சொல்கிறார்கள் என்றால், வீட்டுக்குள் காரணம் சொல்கிறார்கள். போர் தண்ணீர்தான் காரணம் என்பது அம்மாவின் கட்சி. ஹெல்மெட் என்பது மகனின் கட்சி. மச்சான் மட்டும் என் பக்கம் நின்று, "மாமா ரொம்ப யோசிக்கிறாரு, அதான்" என்றார். "யோசிக்கிறதா? இவரா?" என்று என் மனைவி அந்தக் கட்சியை அன்றைக்கே கலைத்துவிட்டாள்.

உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நடுவில் ஒடிய வைக்கும், வேரைப் பிடுங்காது. ஹெல்மெட்டும் நிரபராதி. முடி வேருக்குப் பிராணவாயு ரத்தத்தின் வழியாகப் போகிறது, வெளிக்காற்றில் இருந்து அல்ல. உள்ளே இருக்கும் பஞ்சைத் துவைக்காமலே வைத்திருந்தால் அரிப்பும் பொடுகும் வரலாம், அவ்வளவுதான். முடியைக் காப்பாற்றுவதற்காகத் தலையைக் கொடுத்துவிட முடியாது.

ஆண்களின் வழுக்கைக்குப் பெரும்பாலும் காரணம் பரம்பரை. இதைச் சொன்னதும் எங்கள் வீட்டில் அடுத்த வழக்கு தொடங்கியது: எந்தப் பரம்பரை? கூடத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கும் தாத்தா, பெரியப்பா, அப்பா படங்களைக் காட்டி, "இதுக்கு மேல சாட்சி வேணுமா?" என்றாள் மனைவி. டாக்டர்கள் தாய்வழி என்று சொல்வதாகப் பேப்பரில் படித்திருந்த மகள் பாட்டியைப் பார்த்தாள். "என் தம்பிக்கு அறுபது வயசுலயும் சீப்பு உள்ள போகாதுடி" என்று அம்மா தன் குலத்துக்காக எழுந்து நின்றாள். ஆண் ஹார்மோனை ஏற்றுக்கொள்ளும் புரதத்துக்கான ஒரு முக்கியமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு அது அம்மாவிடமிருந்துதான் வரும். ஆனால் வழுக்கைக்குக் காரணமான மரபணுக்கள் அது ஒன்று மட்டும் அல்ல, ஏராளம். அவை இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம். ஆகவே இரு தரப்புமே குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, வழக்கு முடிந்தது.

பரம்பரை துப்பாக்கியை நிரப்பி வைக்கிறது. விசையை அழுத்துவது ஹார்மோன். ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் உடலுக்குள்ளேயே ஒரு நொதியால் டிஎச்டி என்ற இன்னொரு ஹார்மோனாக மாறுகிறது. நெற்றியோரத்திலும் உச்சியிலும் இருக்கும் முடி வேர்கள் சிலருக்கு இந்த டிஎச்டியைத் தாங்குவதில்லை. முடி வளர்ந்து உதிரும் ஒவ்வொரு சுற்றிலும் வேர் சிறுத்து, முடி மெலிந்து, கடைசியில் பூனை முடியாகிவிடும். பின்னந்தலை வேர்களுக்கு இந்தக் கூச்சம் கிடையாது. அதனால்தான் எவ்வளவு பெரிய வழுக்கைக்காரருக்கும் காதோரம் கொஞ்சம் மிஞ்சுகிறது. வேடிக்கை என்னவென்றால், தலையில் முடியைக் குறைக்கும் இதே டிஎச்டிதான் முகத்தில் தாடியை வளர்க்கிறது. மேலே எடுத்துக் கீழே வரவு வைக்கிற கணக்கு.

பருவம் அடைவதற்கு முன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று கிரேக்கத்து ஹிப்போகிரட்டீஸ் எப்போதோ கவனித்திருக்கிறார். அமெரிக்காவின் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-இல் அதை ஆராய்ந்து எழுதினார். ஆக, வழுக்கை விழாமல் தடுக்க நிச்சயமான வழி ஒன்று உலகத்தில் இருக்கிறது. நல்ல வேளையாக அதை மட்டும் யாரும் எனக்குச் சிபாரிசு செய்யவில்லை, மின்கட்டண வரிசைக்காரர் உட்பட.

அவரையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தியப் பாப்பிரஸ் ஏடு ஒன்றில் சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு ஆகியவற்றின் கொழுப்பைக் கலந்து தலையில் பூசச் சொல்லியிருக்கிறது. ஹிப்போகிரட்டீஸ் மருந்தில் புறாவின் எச்சம் சேர்ந்ததாகச் சொல்வார்கள். கோயில் கோபுரத்தில் இத்தனை புறா இருக்கும் எங்கள் ஊரில் இந்தத் தகவல் பரவாமல் இருக்க வேண்டும். அதற்குச் சின்ன வெங்காயம் எவ்வளவோ தேவலாம்.

சரி, கொட்டுவதெல்லாம் வழுக்கையா? இல்லை. தலையில் சுமார் 1 லட்சம் முடி இருக்கிறது. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கை. ஒரு முடி 2 முதல் 6 ஆண்டுகள் வளரும். பிறகு ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வெடுத்துவிட்டு உதிரும். அந்த இடத்தில் புதுசு முளைக்கும். ஆகவே இன்றைக்குச் சீப்பில் வருகிற முடி, கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்கு முன்பே ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்ட முடி. நேற்று மாற்றிய ஷாம்பூவை இன்றைக்குத் திட்டுவது நியாயமே இல்லை.

என் தங்கைக்குப் பிரசவமாகிச் சில மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. "புள்ள சிரிக்க ஆரம்பிச்சுட்டான்ல, அப்படித்தான் கொட்டும்" என்றார் அத்தை. பிள்ளை சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று ஒரு சொலவடை உண்டு. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுதலாகச் சுரந்து, உதிர வேண்டிய முடியையும் பிடித்து வைத்திருக்கிறது. பிரசவம் ஆனதும் பிடி விடுகிறது. அத்தனையும் ஒன்றாக ஓய்வுக்குப் போய், மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிர்கின்றன. பிள்ளை வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்குவதும் அதே காலத்தில்தான். நம் பாட்டிமார் காலக் கணக்கில் படு கெட்டி. குற்றவாளியைப் பிடித்ததில்தான் ஆள் மாறாட்டம். பெரும்பாலான தாய்மார்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் முடி பழையபடி வந்துவிடும். டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா, பெரிய ஆபரேஷன், பட்டினி டயட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்: உடம்பு அடி வாங்கி இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும், பிறகு தானாக நிற்கும்.

எண்ணெய் வியாபாரத்தின் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. முடி கொட்டுவது உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் பதறிப்போய் எண்ணெய் வாங்குகிறார். தடவத் தொடங்கிச் சில மாதத்தில், தானாக நிற்க வேண்டியது தானாக நிற்கிறது. எண்ணெய்க்குப் பேர் வந்துவிடுகிறது. அவர் நாலு பேரிடம் சொல்கிறார். நாலாவது ஆள் மின்கட்டண வரிசையில் என் பின்னால் நிற்கிறார். தேங்காய் எண்ணெய் தடவினால் முடியின் புரதம் வீணாவது குறையும், ஒடிவது குறையும், அது உண்மை. வழுக்கையில் முடி முளைக்க வைக்கும் வேலையை மட்டும் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் இந்த வகைதான். கத்தி, தோலுக்கு மேலே இருப்பதைத்தான் வெட்டும். வேருக்கு அந்தச் சேதியே போகாது. நுனி மழுங்கி இருப்பதால் தடவினால் தடிமனாகத் தெரிகிறது. பழனியில் என் முறை வந்தபோது நாவிதர் என் தலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாமி, எங்கருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று பணிவாகக் கேட்டார்.

பெண்கள் கதையில் இவ்வளவு சிரிப்பு இல்லை. கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று நக்கீரர் சிவபெருமானோடு வழக்காடியது எங்கள் ஊரான மதுரையில்தான். அது கொட்டுவது ஏன் என்று அந்தச் சபையில் ஒருவராவது கேட்டிருந்தால் பொற்கிழியை இரண்டு தடவை கொடுத்திருக்கலாம். பெண்களுக்கும் பரம்பரையாக முடி மெலியும். ஆனால் பெரும்பாலும் முன் நெற்றி ஏறாது, வகிடு அகலமாகும். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, ஆண்டுக்கணக்கில் இறுக்கிப் பின்னும் சடை எல்லாம் காரணமாகலாம். என் மனைவிக்குக் கொட்டியபோது எல்லாரும் ஒரே குரலில் "டென்ஷன்" என்றார்கள். அவள் யாரையும் கேட்காமல் போய் ரத்தம் கொடுத்தாள். ஹீமோகுளோபின் குறைவு, இரும்புச்சத்து அதைவிடக் குறைவு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மிஞ்சியதைக் கடைசியாகச் சாப்பிட்டு, கையோடு ஒரு காபியும் குடித்தால் (காபி, டீ இரண்டுமே உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும்) கூந்தல் எங்கே நிற்கும்? டாக்டர் எழுதிய இரும்பு மாத்திரையை அவள் விடாமல் சாப்பிட்டாள். இப்போது வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவன் நான்.

மருந்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. மினாக்ஸிடில் முதலில் ரத்தக் கொதிப்பு மாத்திரையாகத்தான் வந்தது. 1979-இல் அமெரிக்கா அனுமதித்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளரவே, அதையே தலையில் பூசும் மருந்தாக்கி 1988-இல் ஆண்களுக்கும் 1991-இல் பெண்களுக்கும் அனுமதி கொடுத்தார்கள். பலன் தெரிய நாலைந்து மாதம் ஆகும். முதல் சில வாரங்களில் கூடுதலாகக் கொட்டலாம். பலர் அந்தக் கட்டத்தில் பயந்து ஓடிவிடுகிறார்கள். நிறுத்தினால் வந்தது சில மாதத்தில் போய்விடும். வாடகை வீடு மாதிரி: கட்டும்வரை இருக்கலாம். டிஎச்டியைக் குறைக்கும் ஃபினாஸ்டரைடு 1997-இல் ஆண்களின் வழுக்கைக்கு அனுமதிக்கப்பட்டது. சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையலாம், மனச்சோர்வு வரலாம். ஆண் சிசுவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகள் அதைச் சாப்பிடவே கூடாது. மருந்துக்கடையில் நண்பர் இருக்கிறார் என்பதற்காக வாங்கிப் போடுகிற மாத்திரை அல்ல அது.

பின்னந்தலை முடியை முன்னால் நட்டாலும் அது பின்னந்தலை குணத்தோடே இருக்கும். நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் 1950களில் கண்டதும், இன்றைக்கு முடி நடுகிறவர்கள் நம்பியிருப்பதும் இதைத்தான். ஆனால் அது ஆபரேஷன். மேலும் பின்னால் இருப்பதைத்தான் முன்னால் கொண்டுவர முடியுமே தவிர, புதுசாக ஒரு முடிகூடப் பிறப்பதில்லை.

ஆகவே வாசகர்களே, முடி திடீரென்று கொட்டினால் மூன்று மாதத்துக்கு முன் உடம்புக்கு என்ன வந்தது என்று யோசியுங்கள். பெண்களானால் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். வட்ட வட்டமாக உதிர்ந்தால் அது பெரும்பாலும் புழுவெட்டு. அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை, உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்த வேரையே தாக்குகிறது. டாக்டர் தலையில் போடும் ஊசிக்குப் பெரும்பாலும் கேட்கும். அரிப்பு, புண், செதில் இருந்தால் தாமதிக்க வேண்டாம். பரம்பரை வழுக்கை என்றால், மருந்து வேண்டுமென்பவர்கள் முடி இருக்கும்போதே தொடங்குங்கள்; வேண்டாமென்பவர்கள் நிம்மதியாக இருங்கள், அதனால் உயிருக்கு ஒன்றும் இல்லை, சீப்புச் செலவும் மிச்சம். எதுவானாலும் முதல் செலவு தோல் டாக்டருக்கு இருக்கட்டும். காரணம் தெரியாமல் வாங்கும் எண்ணெயில் முடி வளர்வது விற்கிறவர் வீட்டில்தான்.