வெயில் பார்க்கப் போனவன்

திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்த ஒருவன் வெயிலைப் படமெடுக்க வடதுருவத்துப் பக்கம் போனான் என்றால் ஊரில் யார் நம்புவார்கள்? அம்மாவே நம்பவில்லை. "ஏலே, வெயிலப் புடிக்கவா அம்புட்டு தூரம் போற? மாடில வத்தல் காயுது. காக்கா கொத்தாம பாத்துக்கிட்டே அங்க நின்னு எடு" என்றாள்.

நான் போனது ஸ்வால்பார்ட். நார்வேக்கு வடக்கே, 78-ஆவது அட்சக்கோட்டில் கிடக்கும் தீவுக்கூட்டம். அங்கே லாங்இயர்பியன் என்று ஒரு சிற்றூர். 1906-இல் நிலக்கரி தோண்ட வந்த அமெரிக்கர் ஒருவரின் பெயர்தான் ஊருக்கு. அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும். அப்போதும் மலைகள் மறைத்துக்கொள்வதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 ஆகிவிடும். அன்று ஊரே பழைய மருத்துவமனைப் படிக்கட்டின் அருகே கூடி முதல் கதிருக்காகக் காத்து நிற்கும். மருத்துவமனை போய்விட்டது, படிக்கட்டு மட்டும் இருக்கிறது. அந்தக் காட்சியை எடுப்பது, போகிற போக்கில் ஒரு பனிக்கரடியையும் எடுத்துவிடுவது. என் திட்டம் இவ்வளவுதான்.

கரடிக்கென்றே ஒரு 400 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். அதன் விலையை மனைவியிடம் ஒரேயடியாகச் சொல்லும் தைரியம் இல்லாததால் இன்றுவரை தவணை முறையில் சொல்லிவருகிறேன்.

போய் இறங்கிய பிறகுதான் வழிகாட்டி சட்டத்தைச் சொன்னார். 2025 முதல் கரடிக்கும் மனிதனுக்கும் நடுவில் குறைந்தது 300 மீட்டர் இருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர். அறைக்கு வந்து கணக்குப் போட்டேன். இரண்டரை மீட்டர் நீளக் கரடி 500 மீட்டர் தள்ளி நின்றால், என் லென்ஸ் வழியாக, கேமராவின் 36 மி.மீ. சென்சாரில் அது 2 மி.மீ. இருக்கும். வெள்ளை வேட்டியில் ஒட்டிய ஒரு சோற்றுப் பருக்கை. "இந்தச் சட்டம் கரடிக்குத் தெரியுமா?" என்று மறுநாள் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தோளில் தொங்கிய துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டார். ஊர் எல்லை தாண்டினால் கரடியை விரட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம்.

கரடி வரவில்லை. அதற்கும் சட்டம் தெரிந்திருந்தது போலும்.

ஸ்வால்பார்டில் எனக்குப் பிறந்த வீடு போலத் தோன்றியது ஒரே ஒரு வழக்கம். விடுதி, அருங்காட்சியகம் என்று பல இடங்களில் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். சுரங்கத் தொழிலாளிகள் நிலக்கரித் தூளை உள்ளே கொண்டுவராமல் இருக்க ஏற்பட்ட பழக்கமாம். நான் மூன்று காலுறை போட்டிருந்தேன். மூன்றிலும் ஓட்டை, அதுவும் ஒரே நேர்கோட்டில். மார்ச் 8-க்கு இரண்டு நாள் முன்பே, விடுதி வரவேற்பறையில், பலர் பார்க்க, என் பெருவிரல் உதயமானது.

அடுத்து பேட்டரி. அறையில் நூறு சதவீதம் காட்டியது, மைனஸ் 22-இல் டிரைபாட் விரித்து முடிப்பதற்குள் செத்துவிட்டது. குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும். சூடு காட்டினால் கொஞ்சம் உயிர் வரும். ஆகவே அக்குளில் ஒன்று, இடுப்பில் ஒன்று, பனியனுக்குள் ஒன்று என்று வைத்துக்கொண்டு அடைகாக்கும் கோழியாக நடமாடினேன். பொரித்ததெல்லாம் பதினைந்து இருபது படங்கள்.

இதே தீவுக்கூட்டத்திலிருந்துதான் 1897 ஜூலையில் ஆந்த்ரே என்ற சுவீடன்காரர் இரண்டு பேரோடு பலூனில் துருவத்துக்குக் கிளம்பினார். மூன்றாம் நாளே பலூன் பனியில் இறங்கிவிட்டது. வாரக்கணக்கில் பனியில் நடந்து, ஆளில்லாத தீவொன்றில் ஒதுங்கி, மூவரும் அங்கேயே மாண்டுபோனார்கள். அவர்களில் ஸ்ட்ரிண்ட்பெர்க் என்ற இளைஞர் வழியெல்லாம் படம் எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். 1930-இல் உடல்களோடு ஃபிலிமும் கிடைத்தது. அதிலிருந்து 93 படங்களைக் கழுவி மீட்டுவிட்டார்கள். விழுந்துகிடக்கும் பலூனும், பக்கத்தில் நின்று அதைப் பார்க்கும் இரண்டு பேரும் அதில் ஒரு படம். அந்த ஃபிலிம் பனிக்குள் 33 வருஷம் தாங்கியது. என் பேட்டரி 33 நிமிஷம் தாங்கவில்லை. இதை நினைத்த பிறகு குளிரைப் பற்றிப் புலம்ப எனக்கே வெட்கமாக இருந்தது. அரை மணி நேரம் புலம்பாமல் இருந்தேன்.

விதைப் பெட்டகத்தையும் போய்ப் பார்த்தேன். உலகத்துப் பயிர் விதைகளை மலைக்குள் மைனஸ் 18-இல் சேமிக்கும் இடம், 2008-இல் திறந்தது. பிலிப்பைன்ஸில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அனுப்பிய நெல் மட்டுமே லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள். வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. அன்றும் மைனஸ் 22. வெளியே நின்ற என்னைவிட உள்ளே இருந்த நெல் நான்கு டிகிரி கதகதப்பாக இருந்தது. நான் கதவைப் படமெடுத்துக்கொண்டு வந்தேன். கரடிக்கென்று வாங்கிய லென்ஸில் எடுத்த மிகக் கூர்மையான படம் அந்தக் கதவுதான்.

மார்ச் 8. மஞ்சள் வர்ணம் பூசிய முகங்களோடு பிள்ளைகள் படிக்கட்டருகே கத்திக்கொண்டிருந்தார்கள். சூரியன் வர இன்னும் நேரம் இருக்கிறதென்று நான் ஒரு காப்பிக் கடைக்குள் நுழைந்தேன். உறைந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுபோகுமுன் பிளாஸ்டிக் பையில் இட்டு இறுக மூட வேண்டும் என்று வழிகாட்டி மூன்று தடவை சொல்லியிருந்தார். பை என் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. பிரிட்ஜிலிருந்து எடுத்த கலர் பாட்டில் போல கேமரா குப்பென்று வேர்த்தது. அப்போது வெளியே ஒரே கூச்சல். ஓடினேன். வேர்வை அப்படியே உறைந்து லென்ஸில் ஓடு கட்டிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினேன்.

படம் வந்திருக்கிறது. வெள்ளையாக ஏதோ பரவி, நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம். "ஆஃப்பாயில் நல்லா வந்திருக்குங்க" என்றாள் மனைவி.

கேமரா மட்டும் ஊருக்கு வந்தும் கண் திறக்கவில்லை. உள்ளே ஈரம். அம்மா அதை ஒரு பழைய துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். "ஒரு வாரம் யாரும் தொடப்பிடாது" என்று உத்தரவு. இந்தப் பெட்டகத்துக்குள்ளும் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. நேற்று காலை உழக்கில் அரிசி அளந்தபோது லென்ஸ் மூடியும் சேர்ந்து வந்திருக்கிறது. களைந்து, தனியே எடுத்து வைத்திருக்கிறாள்.