கடலும் கொடிமுந்திரியும்: கேள்வி-பதில்

கோவை வாசகர்: போர்ச்சுகலுக்குப் பிரயாணம் செய்ய உகந்த மாதம் எது?

செப்டம்பர். ஆகஸ்டில் ஐரோப்பாவில் பாதி அங்கேதான் குளித்துக்கொண்டிருக்கும்.

மதுரை வாசகர்: ஒன்பது நாளில் ஏழு தேசங்களைக் காட்டுவதாக ஒரு பிரயாண ஏற்பாட்டாளர் சொல்கிறார். போர்ச்சுகலும் அதில் சேர்த்தியாம். போகலாமா?

தாராளமாக. பஸ்ஸை நன்றாகப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

சேலம் வாசகர்: வெயில் காயும் நாடு, ஆகையால் கடல் நீர் வெந்நீராகவே இருக்கும் என்கிறார் என் மைத்துனர். உண்மையா?

மைத்துனர்களின் பூகோள ஞானத்தைப் பற்றி இந்தப் பகுதி கொண்டுள்ள அபிப்பிராயம் வாசகர்கள் அறிந்ததே. மேற்குக் கரையில், கோடை முழுவதும் வடக்கிலிருந்து வீசும் காற்றானது மேல்மட்டத்து நீரைக் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டு போக, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் எழும்பி வருவதால், மணலில் பாதம் சுட, நீரில் பல் கிட்டும். வெதுவெதுப்பான ஸ்நானம் வேண்டுவோர் தெற்கே அல்கார்வேக்கு, அதிலும் அதன் கிழக்குப் பகுதிக்குப் போவது உத்தமம். நஸரே என்னும் மீனவ ஊரிலோ, கரையை நெருங்கி வந்து முடியும் கடலடிப் பள்ளத்தாக்கின் காரணமாகக் குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களில் அலைகள் பிரமாண்டமாக எழுகின்றன. 2020 அக்டோபரில் ஒரு ஜெர்மானியர் சறுக்கிக் கடந்த அலையின் உயரம் 26.21 மீட்டர். மைத்துனரை அந்தப் பருவத்தில் அங்கே அனுப்பலாம்.

திருச்சி வாசகர்: விசா வாங்குவது எப்படி?

ஷெங்கன் விசா. புறப்படுவதற்கு 6 மாதம் முன்பிலிருந்தே மனுச் செய்யலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். தூதரகங்களுக்கு ஹாஸ்ய உணர்ச்சி கிடையாதாகையால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

தஞ்சாவூர் வாசகர்: நான் மதுவைத் தொடாதவன். திராட்சைத் தோட்டப் பிரதேசத்தில் எனக்கு என்ன வேலை?

தேயிலை பிடிக்காதவர்கள் மூணாறுக்குப் போவதில்லையா? போர்ட்டோவில் ரயிலேறி, வலப்பக்கத்து ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு (ரயில் ஜன்னலைக் காட்டிலும் சிறந்த ஆசனம் இப்பூவுலகில் இல்லை என்பது என் நெடுநாளைய சித்தாந்தம்), பின்யாவ் வரை போய்ப் பாருங்கள். டோரு நதி கூடவே வரும்; பாறையை உடைத்து, படிப்படியாகச் சுவர் எழுப்பி, மலை முழுவதையும் தோட்டமாக்கிய மனிதர்களின் சிரமத்தைக் காணும்போது, விளைபொருள் எதுவாயினும் கைகூப்பத் தோன்றும். போர்ச்சுகலின் மந்திரியாயிருந்த பொம்பால் பிரபு 1756-ல் இந்தப் பிரதேசத்துக்கு எல்லை வகுத்து, இன்ன இடத்துத் திராட்சைதான் போர்ட் ஒயினுக்கு உரியது என்று சட்டமே செய்தார். புளித்துக்கொண்டிருக்கும் சாற்றில் பாதியில் சாராயத்தைக் கலந்து புளிப்பதை நிறுத்திவிடுவதுதான் அந்த ஒயின் இனிப்பதன் ரகசியம். பிறகு கீழே கையா நகரத்துக் கிடங்குகளில் பீப்பாய்க்குள் வருஷக்கணக்கில் தவம் இருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்த விசேஷம் அறுவடைக் காலத்தது. சில தோட்டங்களில் இன்னமும் கல் தொட்டியில் திராட்சையைக் கொட்டி, தோளோடு தோள் கோத்து நின்று, முழங்கால் ஆழத்தில் முதலில் ஒழுங்காக அணிவகுத்து மிதித்து, அதற்கப்புறம் வாத்தியம் முழங்க இஷ்டம்போல் குதிக்கிறார்கள். இந்த உடல் உழைப்பைச் செய்ய, வெளிநாட்டுக் கனவான்கள் தோட்டக்காரருக்குக் கட்டணம் செலுத்துகிறார்கள்! கூலியாளிடமே கூலி வாங்கும் பொருளாதாரத்தை நம் மிராசுதாரர்கள் எவரும் கண்டுபிடிக்காமல் போனது எப்படி என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. தாங்கள் ஒரு சொட்டும் அருந்த வேண்டியதில்லை. கால்கள் மட்டும் விரதத்தை முறித்தால் சாஸ்திரத்தில் குற்றமில்லை என்றே நம்புகிறேன்.

ஈரோடு வாசகர்: உணவு விடுதியில் கேட்காமலே ரொட்டியும் ஆலிவ் காயும் வைக்கிறார்களாமே, என்ன உபசாரம்!

உபசாரம் பில்லில் வரும். வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்புங்கள்.

கும்பகோணம் வாசகி: என் தாயாருக்கு வயது 72. தகப்பனார் சென்ற ஆண்டு காலமானார். வெளிநாட்டுக் கடல் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்கிறார். முழங்கால் வலி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார் அண்ணா.

அடுத்த வருஷம் அந்த முழங்காலுக்கு வயது குறையப் போவதில்லை, அம்மணி. இந்த வருஷமே அழைத்துச் செல்லுங்கள். லிஸ்பனின் ஏற்றங்களும் வழுக்கும் கல் பாவிய நடைபாதைகளும் அவருக்கு ஆகா. அங்கே ஓரிரவு மட்டும் தங்கி, ரயிலில் பாரோ சென்று வண்டி மாறி, தவீரா என்னும் சிற்றூரை அடையுங்கள். உப்பளங்களும் அவற்றில் மேயும் பூநாரைகளும் கொண்ட அமைதியான ஊர். அருகிலுள்ள பாரில் என்னும் கடற்கரைக்குச் சதுப்பு நிலத்தின் குறுக்கே, முன்னாளில் சூரை மீன் பிடித்தவர்களுக்காகப் போடப்பட்ட பாதையில், பொம்மை போன்ற ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. அவர் அதிகம் நடக்க வேண்டியிராது. காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம் என்று திட்டம் போடாதீர்கள். அவர் பேச விரும்பினால் கேளுங்கள். மௌனமாகக் கடலைப் பார்க்க விரும்பினால் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அண்ணாவுக்கு இந்தப் பதிலை வாசித்துக் காட்டலாம்.

நெல்லை வாசகர்: திரும்பும்போது என்ன வாங்கி வருவது?

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தப் பொம்மை மட்டும் வேண்டாம். தவீராவின் உப்பு நல்லது. போர்ட் ஒயின் என்றால், 2 லிட்டர் வரை நம் சுங்கத்தார் தீர்வை கேட்பதில்லை.