டாபர்மேனும் புத்தூர்க் கட்டும்

காலை ரயிலில் திருப்பதிக்கு வேலைக்குப் போய் இரவு திரும்பும் புத்தூர் தம்பதிக்கு டாபர்மேன் ஆசை வந்திருக்கிறது. ஜெர்மனியின் அபோல்டாவில் 19ஆம் நூற்றாண்டில் வரி வசூலித்த லூயி டாபர்மேன், போகுமிடமெல்லாம் காவலுக்குக் கூட வரத்தான் இந்த நாயை உருவாக்கினார். எசமானை விட்டு நகராத சாதி. அதைப் பகல் முழுக்கப் பூட்டி வைத்தால் சோபா பஞ்சு கூடமெங்கும் பறக்கும். மாலை நடையில் பூனை குறுக்கே வந்தால் 35 கிலோ நாய் சங்கிலியை இழுக்கும், மணிக்கட்டு போகும். அதைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை வைத்து எலும்பு கட்டிக்கொள்ள வெளியூர்க்காரர்களே இங்கேதானே வருகிறார்கள்!

வீட்டில் ஆள் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் 'நாய் ஜாக்கிரதை' பலகை மட்டும் மாட்டுங்கள். அதற்குத் தடுப்பூசி கூட வேண்டாம்.